எந்த உலாவியிலும் ஒரே தமிழ்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அந்தப் பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இருந்த அகலம் ஒரு மீட்டர். அதே நகரில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்பட்ட பாதைகளின் அகலமோ 1,676 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. தெற்கிலிருந்து மீட்டர் பாதையில் வந்த மூட்டை வடக்கே போக வேண்டுமானால், அதை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலியும் காலமும் வீணாயின; சரக்கும் சில வேளை சேதமுற்றது. இரண்டு பாதைகளையும் அமைத்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவரவர் பாதை அவரவர் அளவில் செவ்வையாகவே இருந்தது. ஒரே அளவை முதலிலேயே ஒப்புக்கொள்ளவில்லை என்பதே குறை. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர் பாதை வண்டிகள் ஓய்வுபெற்றது 2004இல்தான். ஒப்புக்கொள்ளாத ஓர் அளவைச் சரிசெய்ய ஒரு நகரத்திற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இணையம் என்னும் பெருவழியிலும் இதே சிக்கல் தோன்றியது. அதைத் தீர்க்கும் பணி இன்றும் நடைபெற்று வருகின்றது. அந்தப் பணியைப் பற்றியும், அதில் நம் தமிழ் எழுத்துக்கு உள்ள பங்கைப் பற்றியும் இங்கே காண்போம்.

முதலில், வலைப்பக்கம் என்பது யாது? அது ஒரு படம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அச்சிட்ட தாளைப் போல அது முழு உருவத்தோடு நம்மிடம் வந்து சேர்வதில்லை. ஓரிடத்திலிருந்து நமக்கு வருவன கட்டளைகளே. இது தலைப்பு, இது பத்தி, இது பொத்தான் என்று உறுப்புகளைப் பெயரிட்டுச் சொல்லும் மொழி எச்.டி.எம்.எல். தலைப்பு இத்தனை பெரிதாக இருக்க வேண்டும், பத்தி இந்த நிறத்தில் அமைய வேண்டும் என்று தோற்றத்தைச் சொல்லும் மொழி சி.எஸ்.எஸ். பொத்தானை அழுத்தினால் நிகழ வேண்டியதைச் சொல்லும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றையும் படித்துப் பொருளுணர்ந்து, நம் கண்முன் பக்கமாக அமைத்துக் காட்டும் நிரலே உலாவி. நாடகத்தின் எழுத்துப் படி ஒன்றாக இருந்தாலும், அதை நடிக்கும் குழு வேறுபட்டால் நாடகமும் வேறுபடக்கூடும் அன்றோ? அவ்வாறே கட்டளை ஒன்றாக இருந்தும், உலாவிக்கு உலாவி பக்கம் மாறக்கூடும். அவ்வாறு மாறாமல் காப்பதே உலாவி ஒத்திசைவு எனப்படும்.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1990இல் முதல் உலாவியை இயற்றினார். 1993இல் மொசைக், 1994இல் நெட்ஸ்கேப், 1995இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என உலாவிகள் அடுத்தடுத்து வந்தன. பொது அளவுகளை வகுப்பதற்கென்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1994இல் நிறுவப்பெற்றது. எனினும் வணிகப் போட்டி கடுமையாக இருந்தமையால், ஒவ்வோர் உலாவியும் தனக்கே உரிய புதுக் கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டது. 'இந்தப் பக்கத்தை இன்ன உலாவியில் காண்க' என்று பக்கத்தின் அடியிலே அறிவிப்பு எழுதும் வழக்கமும் பரவிற்று. படிப்பவர் இன்ன நிறுவனத்து மூக்குக்கண்ணாடியை அணிந்தால்தான் புத்தகம் தெரியும் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இதனால் விளைந்த தொல்லைக்குத் தென்கொரிய நாடு ஒரு சான்று. 1990களின் இறுதியில் அந்நாடு தன் வங்கிப் பணிகளைப் பாதுகாப்பதற்குத் தனியான மறையீட்டு முறை ஒன்றை வகுத்தது. அது இயங்குவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே செயற்பட்ட ஆக்டிவ்-எக்ஸ் என்னும் துணைநிரல் தேவையாயிற்று. அக்காலத்தில் அது அறிவார்ந்த ஏற்பாடே. ஆனால் உலகம் வேறு உலாவிகளுக்கு மாறிய பின்பும் அந்நாட்டு மக்கள் பணம் செலுத்தவும் அரசுச் சான்று பெறவும் அந்தப் பழைய உலாவியையே நாட வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் முறையின் சட்ட முதன்மை 2020 டிசம்பரில்தான் நீங்கிற்று. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கோ 2022 ஜூன் 15ஆம் நாளுடன் ஆதரவு முடிவடைந்தது. ஒரே உலாவியை நம்பிக் கட்டிய வீடு, அந்த உலாவி முதுமை எய்தும்போது தானும் தளர்கின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றினார். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முத்து நெடுமாறன் முதலியோரும் கணினித் தமிழுக்காக உழைத்தனர். அன்று அவர்கள் எதிர்கொண்ட இடர் பெரிது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் பட்டியலே குறியேற்றம் எனப்படும். அன்றைய பட்டியல்களில் இருந்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அடக்குவது? கொம்பு, கால், சுழி என உறுப்புகளாகப் பிரித்து அடக்கினர். ஒவ்வொருவரும் தாம் விரும்பிய இடத்தில் அடக்கினர் என்பதே தொல்லை. ஒரு நாளிதழுக்கு ஓர் எழுத்துரு. மற்றோர் இதழுக்கு மற்றோர் எழுத்துரு. உரிய எழுத்துருவைத் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளாதவருக்குப் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று.

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறை பின்பு வந்தது. அதிலும் இரண்டு தண்டவாளங்கள்! இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வடிவம். நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வடிவம். தமிழ் இதழ் நடத்துவோர் ஒரே எழுத்துருவை இருவகையாகச் செய்து வைக்க வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்நாட்டு அரசு தரமாக அறிவித்தது. உலகத் தமிழர் பலர் கூடி வகுத்த டிஸ்கி என்னும் குறியேற்றமும் வழங்கி வந்தது. ஆனால் எல்லா மொழிகளுக்கும் ஒரே பட்டியல் என்னும் கருத்தோடு 1991இல் வெளிவந்த யூனிகோடு, அதாவது ஒருங்குறி, மெல்ல மெல்ல இவற்றை விஞ்சிற்று. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் மாற்றுக் குறியேற்றத்தையும் உடன் அறிவித்தது.

ஒரே பட்டியல் வந்துவிட்டதே, இனி இடரில்லை என்று நினைக்கலாம். ஆனால் பட்டியல் ஒன்றானால் மட்டும் போதாது. அதைப் படித்து எழுத்தாக்கும் உலாவி செம்மையாக இயங்க வேண்டும். 'சேலையூர்' என்னும் பெயரைப் பாருங்கள். முதலெழுத்தாகிய 'சே' என்பதை நாம் எழுதும்போது இரட்டைக் கொம்பை முதலிலும் சகரத்தைப் பின்னும் எழுதுகின்றோம். ஒருங்குறியிலோ சகரம் முதலில் வரும். கொம்புக் குறி பின்னர் வரும். ஒலிக்கும் முறையில் அவை சேமிக்கப்படுகின்றன. ஆதலின் திரையில் எழுதும்போது கொம்பை முன்னே கொணர்ந்து வைக்க வேண்டியது நிரலின் கடமை. 'கொ' போன்ற எழுத்தில் ஒரு குறியையே இரண்டாகப் பிளந்து, மெய்யின் இரு பக்கத்திலும் அமைக்க வேண்டும். இப்பணியைச் செய்யும் பகுதிக்கு எழுத்து வடிவமைப்புப் பொறி என்று பெயர் கூறலாம். இன்று ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகிய இரண்டிலும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறி இப்பணியைச் செய்கின்றது. யாவரும் பார்க்கவும் திருத்தவும் இயலும் திறந்தநிலை நிரல் அது.

இந்நிலையை அடைவதற்கு முன் தமிழ் பட்ட பாடு சிறிதன்று. ஃபயர்பாக்ஸ் உலாவியின் பழைய பதிப்புகளில், பத்தியின் இரண்டு ஓரங்களையும் நேராக்கும் கட்டளையை இட்டால், தமிழ் எழுத்துகள் உறுப்பு உறுப்பாகச் சிதறிப் போயின. ஓரத்தை நேராக்க வேண்டுமானால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அவ்வாறு கூட்டும்போது உலாவி ஒவ்வொரு குறியையும் தனித்தனி எழுத்தாகக் கருதிப் பிரித்துவிட்டது. ஆங்கிலத்திற்கு இதனால் தீங்கில்லை. கொம்பும் காலும் புள்ளியும் உடைய மொழிகளுக்கே தீங்கு. 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இக்குறை நீங்கிற்று. தம் மொழியில் பக்கங்களைப் படித்து, குறை கண்டவிடத்து அதை எடுத்துரைத்த பயனாளர்கள் இல்லையேல் இத்தகைய குறைகள் உலாவியை இயற்றுவோர் கண்ணில் படுவதே அரிது.

இன்னொரு நுட்பமான செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். 'தாம்பரம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தா, ம், ப, ர, ம் என ஐந்து என்று தொடக்கப்பள்ளி மாணவனும் கூறுவான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் எட்டு என்னும் விடை வரும். தகரம், கால், மகரம், புள்ளி, பகரம், ரகரம், மகரம், புள்ளி என்று அது குறிகளை எண்ணுகின்றது. இதனால் தீங்கென்ன என்று கேட்கலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயருக்கு ஏழு இடங்களே என்று நிரலர் வரையறுத்துவிட்டார் என்று கொள்வோம். அப்போது ஐந்தெழுத்துடைய தாம்பரம் அதில் அடங்காது. கடைசிப் புள்ளியை இழந்து 'தாம்பரம' என்று நிற்கும். கூடுவாஞ்சேரி என்னும் பெயரில் ஆறு எழுத்துகள், குறிகளோ பன்னிரண்டு. படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் குறைப்பட்டு நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு முறையான தீர்வு, குறிகளை விடுத்து எழுத்துகளை எண்ணுதல். அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'இன்டில் செக்மென்ட்டர்' என்னும் கருவி அமைந்துள்ளது. அதனிடம் தாம்பரம் என்று கொடுத்தால் ஐந்து என்றே எண்ணித் தரும். ஆனால் அக்கருவி எல்லா உலாவிகளிலும் ஒரே நாளில் வரவில்லை. குரோமில் 2020இலும், சஃபாரியில் 2021இலும், ஃபயர்பாக்ஸில் 2024இலும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை நம்பி எழுதிய பக்கம் ஓர் உலாவியில் இயங்கும், மற்றொன்றில் நின்றுவிடும். உலாவி ஒத்திசைவு என்னும் சொல்லின் பொருளை இந்த ஓர் எடுத்துக்காட்டே விளக்கிவிடும். இக்கருவியும் நிறைவானதன்று. 'க்ஷ', 'ஸ்ரீ' என்னும் கிரந்த வடிவங்களை அது இரண்டிரண்டு எழுத்துகளாகவே பிரிக்கின்றது. இலக்கணம் அறிந்தவரும் நிரல் அறிந்தவரும் கூடியிருந்து தீர்க்க வேண்டிய வினா இது.

எண்ணுதலைப் போன்றே தேடுதலிலும் இடர் உண்டு. பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூரின் பெயரை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். 'பொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தல் ஒரு முறை. கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தல் மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எளிய நிரலோ அவற்றை இரு வேறு ஊர்களாகவே கருதும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் முறை இருக்கின்றது. அதைப் பின்பற்றினால் இவ்விடர் நீங்கும்.

செம்பாக்கத்தை அடுத்த கௌரிவாக்கத்திற்கு நேரும் இடர் இதனினும் பெரிது. ஔகாரக் குறியின் பின்பகுதி பார்வைக்கு ளகரத்தைப் போன்றே இருப்பதால், கொம்புக்கும் ரகரத்துக்கும் இடையே ளகர எழுத்தையே பலர் தட்டச்சு செய்துவிடுகின்றனர். கண் ஏமாறும், கணினி ஏமாறாது. இங்கே இயல்பாக்கமும் உதவாது. ஏனெனில் ளகரம் உண்மையிலேயே வேறோர் எழுத்து. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயின. இத்தகைய இணைப்புகளில் பல அலுவலகங்களின் ஏடுகளை ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். ஓர் ஏட்டில் ஒரு வகையாகவும் மற்றோர் ஏட்டில் வேறு வகையாகவும் ஒரு தெருவின் பெயர் இருக்குமானால், தேடுபவருக்கு 'அப்படி ஒரு தெரு இல்லை' என்னும் விடையே கிடைக்கும். வீடு இருக்கும், வரி கட்டிய சான்றும் இருக்கும், கணினி மட்டும் இல்லை என்று கூறும். எழுத்துக் குறியைப் பற்றிய இந்த ஆராய்ச்சி வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பது இதனால் விளங்கும்.

குறைகளைக் கூறினோம். அவற்றைக் கண்டறியும் கருவிகள் யாவை? ஒரு காலத்தில் நிரலருக்குக் கண்ணே கருவி. பக்கம் பிழைபட்டால் ஏன் பிழைபட்டது என்பதை ஊகித்தே அறிய வேண்டும். 2006இல் ஜோ ஹெவிட் என்பார் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஃபயர்பக் என்னும் துணைக்கருவியை இயற்றி வெளியிட்டார். பக்கத்தின் எந்த உறுப்பையும் சுட்டி, அதன் அளவையும் நிறத்தையும் அதற்குரிய கட்டளையையும் உடனே காணலாம். அங்கேயே மாற்றியும் பார்க்கலாம். மருத்துவருக்கு எக்ஸ்-ரே கிடைத்தது போன்றது அது. அதன் பின்பு எல்லா உலாவிகளும் இத்தகைய கருவிகளைத் தமக்குள்ளேயே அமைத்துக்கொண்டன. இன்று மேசைக் கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய எதிலும் எஃப் 12 விசையை அழுத்தினால் அக்கருவிகள் திறக்கும். இதற்குக் காசு வேண்டியதில்லை. எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதுமில்லை.

அவற்றுள் நான்கை மட்டும் குறிப்பிடுவோம். முதலாவது, உறுப்பு ஆய்வு. ஒரு தமிழ்த் தலைப்பின் மேற்பகுதி வெட்டுண்டு தோன்றினால், அதன் பெட்டியின் உயரம் எத்தனை, எந்த எழுத்துரு உண்மையில் பயன்பட்டது என்பதை இங்கே காணலாம். இரண்டாவது, கன்சோல் என்னும் முறையீட்டுப் பலகை. உலாவி தனக்குப் புரியாத கட்டளையைக் கண்டால் அதை இங்கே எழுதி வைக்கின்றது. தாம்பரத்தின் நீளத்தை நீங்களே கேட்டுப் பார்ப்பதும் இங்கேதான். மூன்றாவது, வலைப் போக்குவரத்துப் பட்டியல். எந்தக் கோப்பு எப்போது வந்தது, எத்தனை பெரிது என்பதை இது காட்டும். நான்காவது, பிற கருவிகளைப் போல நடித்துக் காட்டும் அமைப்பு. சிறிய திரையில் பக்கம் எப்படித் தோன்றும், இணைப்பு மெதுவாக இருந்தால் எத்தனை நேரம் பிடிக்கும் என்பதை மேசையிலிருந்தே அறியலாம்.

இந்நான்காவது அமைப்பின் அருமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு பக்கத்தின் எடை 4 மெகாபைட்டு என்று கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டு. ஆகவே 4 மெகாபைட்டு என்பது 32,000 கிலோபிட்டு. கூட்ட நெரிசலில் ஓடும் மின்சார ரெயிலில் இணைப்பு நலிந்து நொடிக்கு 400 கிலோபிட்டு வீதமே வருமானால், அப்பக்கம் திறக்க 80 நொடியாகும். படங்களைச் சுருக்கி எடையை 500 கிலோபைட்டு ஆக்கினால், 4,000 கிலோபிட்டு. 10 நொடியில் திறந்துவிடும். விலையுயர்ந்த கணினியும் விரைவான இணைப்பும் உடைய அறையிலிருந்து பக்கத்தை இயற்றுபவர், பழைய கைப்பேசியோடு நிற்கும் மனிதரின் நிலையை இக்கருவியின் துணையாலேயே உணர முடியும்.

ஒத்திசைவுக்கு வழி செய்யும் நெறி ஒன்றும் உண்டு. வருகின்ற உலாவியின் பெயரைக் கேட்டு அதற்கேற்பப் பக்கத்தை மாற்றுதல் பழைய வழக்கம். அது நம்பத்தகாதது. குரோம் தன் பெயரைக் கூறும்போது 'மோசில்லா' என்று தொடங்கி, 'சஃபாரி' என்று முடிக்கின்றது! நெட்ஸ்கேப்பின் மறுபெயராகிய மோசில்லா என்று சொன்னால்தான் சில தளங்கள் நல்ல பக்கத்தை அனுப்பும் என்றிருந்த காலத்தில், பின்வந்த உலாவிகள் யாவும் அப்பெயரைப் பூண்டன. அந்த வேடம் இன்றும் கலையவில்லை. பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, 'இன்ன வேலை உனக்குத் தெரியுமா?' என்று திறனைக் கேட்பதே சிறந்த முறை. எழுத்தெண்ணும் கருவி உண்டா என்று நிரல் கேட்க வேண்டும். உண்டெனில் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் எளிய வேறு வழியைக் கையாள வேண்டும். அடிப்படைப் பணி எங்கும் நடைபெற வேண்டும். அழகும் வசதியும் இயன்ற இடத்தில் கூடட்டும் என்பதே இந்நெறி.

உலாவிகளை இயற்றுவோரும் இப்போது கூடிப் பணிபுரிகின்றனர். வலை மேடைச் சோதனைகள் என்னும் பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. ஒரு கட்டளைக்கு எந்த விளைவு வர வேண்டும் என்பதைச் சரிபார்க்கும் சிறு சிறு சோதனைகள் அதில் திரண்டுள்ளன. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மோசில்லா முதலிய நிறுவனங்கள் 2022 முதல் 'இன்டராப்' என்னும் பெயரில் ஆண்டுதோறும் சில குறைகளைத் தேர்ந்தெடுத்து, எல்லா உலாவிகளிலும் அவற்றைத் தீர்த்து வருகின்றன. ஒரு திறன் முதன்மையான உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டதா என்பதை அறிவிக்கும் 'பேஸ்லைன்' என்னும் அடையாளம் 2023இல் தோன்றிற்று. தமிழ் எழுத்து வலையில் எங்கெங்கே சரிவர அமையவில்லை என்பதைப் பதிவு செய்யும் ஆவணமொன்றையும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வைத்திருக்கின்றது.

தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், கூடுவாஞ்சேரிக்கு அருகில் ஜோஹோ நிறுவனத்தின் தலைமையகம் இருக்கின்றது. 'உலா' என்னும் தமிழ்ப் பெயருடைய உலாவியை அந்நிறுவனம் 2023இல் வெளியிட்டது. பயனாளரின் தனிமறைவைக் காத்தலே அதன் முதன்மையான நோக்கம் என்று கூறப்பட்டது. இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025இல் அந்நிறுவனம் முதற்பரிசு பெற்றது. நம் புறநகரில் வாழ்வோர் மகிழத்தக்க செய்தி இது.

இங்கே மாணவர்கள் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. உலா உலாவியின் உள்ளே இயங்கும் பொறி, கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்னும் திறந்தநிலை நிரலிலிருந்து எடுத்ததாகும். மைக்ரோசாப்டின் எட்ஜும் 2020இல் அதே பொறிக்கு மாறிற்று. ஓப்பரா 2013இலேயே தன் சொந்தப் பொறியைக் கைவிட்டது. பெயர்கள் பலவாயினும், பெரும்பான்மையோர் பயன்படுத்தும் பொறிகள் இன்று மூன்றே: குரோமியத்தின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ. ஒரே பொறி எங்கும் இருந்தால் ஒத்திசைவுத் தொல்லையே இராதே என்று சிலர் கேட்பர். உண்மைதான், எல்லாத் தண்டவாளமும் ஓர் அகலமாகிவிடும். ஆனால் அகலத்தை வகுக்கும் உரிமை ஒருவரிடமே சென்றுவிடும். 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு போட்டியின்றி ஓங்கி நின்றது. அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. போட்டி இல்லாதபோது வளர்ச்சி நின்றது. பொது அளவு வேண்டும்; அதைப் பின்பற்றி உழைக்கும் கைகள் பலவாக இருத்தலும் வேண்டும். சர்வோ, லேடிபேர்ட் என்னும் புதிய பொறிகளைத் திறந்தநிலையில் சிலர் வளர்த்து வருவதும் இக்கருத்துப் பற்றியே.

இதில் ஒரு மாணவர் செய்யக்கூடியது யாது? பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கம் ஒன்று பிழையாகத் தோன்றினால், அதை வேறோர் உலாவியிலும் திறந்து பாருங்கள். இரண்டிலும் பிழையானால் குறை பெரும்பாலும் பக்கத்திலோ எழுத்துருவிலோ இருக்கும்; ஒன்றில் மட்டுமே பிழையானால் உலாவியை ஐயுறலாம். பின்பு, பிழையைக் காட்டுவதற்கு எது இன்றியமையாததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஆயிரம் வரிப் பக்கம் ஐந்து வரியாகச் சுருங்கும்போது காரணம் தானே வெளிப்படும். எதைச் செய்தேன், எது வரும் என்று எதிர்பார்த்தேன், எது வந்தது என்னும் மூன்றையும் உலாவியின் பெயரோடும் பதிப்பு எண்ணோடும் எழுதி, அந்த உலாவியின் பொதுப் பிழைப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸுக்கும் குரோமியத்துக்கும் வெப்கிட்டுக்கும் அத்தகைய பதிவேடுகள் உண்டு. எவரும் எழுதலாம், உலகம் படிக்கும்.

இப்பணிக்குத் தமிழறிவும் வேண்டும், கணக்கறிவும் வேண்டும். உலாவியை இயற்றுவோருள் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கொம்பு இடம் மாறி நின்றால் அது பிழை என்று அவர்கள் கண்ணுக்குப் படாது. ஐந்தெழுத்தை எட்டென்று எண்ணினால் அது தவறு என்று சொல்ல அவர்களால் இயலாது. அதைச் சொல்லக்கூடியவர் தமிழ் படித்தவரே. கல்லூரியில் தமிழிலக்கியம் பயில்பவரும் கணினியியல் பயில்பவரும் ஒரே ரெயிலில்தான் வருகின்றனர். அவர்கள் ஒரு மேசையில் அமர்ந்து எஃப் 12 விசையை அழுத்திப் பார்க்கத் தொடங்கினால், கௌரிவாக்கத்துப் பாட்டியின் பெயரும் முகவரியும் எந்த அலுவலகத்தின் எந்தத் திரையிலும் பிழையின்றித் தோன்றும் நாள் விரைவில் வரும்.